பால் நம்முடையது, அளக்கும் கையும் நமதாகட்டும்

(உடப்பில் கூடிய கறவைமாடு வளர்ப்போர் மத்தியில் ஆற்றிய உரை)



திரௌபதை அம்மன் கோயில் கொண்டருளும் இவ்வூரில், அலையோசை காதில் விழும் தூரத்தில் நின்று, கறவைமாட்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். கடலை நம்பி வாழும் ஊரிலே மாட்டுப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு முதலில் விடை கூறிவிட்டு மேலே செல்ல விரும்புகின்றேன்.

கடல் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரைவலை கரையிலேயே கிடக்கின்றது. வலை கிடக்கும் நாளிலும் அடுப்பு எரிய வேண்டும்; பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். இக்குறையைத் தீர்ப்போம் என்று 1980-களில் இறால் பண்ணைகள் வந்தன. இப்புத்தளக் கரையெங்கும் குளங்கள் வெட்டப்பட்டன. கண்டற் காடுகள் அழிந்தன. 1996-இல் வெண்புள்ளி நோய் வந்தது. ஒருவன் குளத்திலிருந்து வெளியேறிய நீரே மற்றொருவன் குளத்துக்குள் பாய்ந்தது. நோயும் அவ்வழியே சென்றது. கைவிடப்பட்ட குளங்கள் பல இன்றும் நம் கண்முன்னே உப்புப் பூத்துக் கிடக்கின்றன. தனித்தனியே இலாபம் தேடினார்கள். நட்டம் மட்டும் பொதுவாயிற்று. அந்தப் பாடத்தை நாம் மறந்துவிடலாகாது.

நம் கண்ணெதிரே மற்றொரு செல்வம் இருக்கின்றது. ஒல்லாந்தர் கால்வாய்க்கு அப்பால் சென்றால் தென்னந்தோட்டங்கள். குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களைத் தழுவிய தென்னை முக்கோணத்தின் வடமேற்கு ஓரத்தில் நாம் வாழ்கின்றோம். இளந்தென்னைக்கு மாடு பகை. தலையுயர்ந்த தென்னைக்கு மாடு துணை. முதிர்ந்த தென்னையின் கீழ் ஒளி இறங்குகின்றது, புல் வளர்கின்றது. புல்லைத் தின்ற மாடு எருவைத் தென்னைக்கே திருப்பித் தருகின்றது. நம் மாவட்டத்திலேயே, லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் இதைப் பரிசோதித்து, தென்னையின் கீழ்ப் புல்லும் கிளிரிசீடியாவும் வளர்த்து மாடு கட்டினால் உரச் செலவு குறையும் என்று காட்டியிருக்கின்றது. புல் இருக்கின்றது, புண்ணாக்கு இருக்கின்றது, மாடும் இருக்கின்றது. இல்லாதது ஒன்றே. அஃது ஒழுங்கான சங்கம்.

பால்மாப் பொதியின் கதை

இந்நாட்டின் பால் தேவையில் பாதிகூட இந்நாட்டு மாடுகளிடமிருந்து கிடைப்பதில்லை. எஞ்சியது பால்மாவாகக் கப்பலில் வருகின்றது. 1950-களில் தேசியப் பாற்சபையை அமைத்தார்கள். உள்ளூர்ப் பாலைச் சேகரித்தார்கள். 1977-இல் இறக்குமதிக் கதவு அகலத் திறக்கப்பட்டது. மலிவான பால்மா உள்ளே வந்தது. மாடு வளர்த்தவன் பின்வாங்கினான். மலிவு நிலைத்ததா? 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 400 கிராம் பொதி 480 ரூபாவாயிற்று. 2022 மார்ச்சில் அதே பொதி 790 ரூபா! அந்த விலைக்கும் கிடைக்காமல் தாய்மார்கள் கடை வாசலில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்நியச் செலாவணி தீர்ந்தால் குழந்தையின் கோப்பை காயும் என்ற நிலைக்கு ஒரு நாட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது அரசியலே. ஆதலால் மாட்டுப் பேச்சும் அரசியற் பேச்சே ஆகும்.

அரசினர் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மாட்டையே கப்பலில் கொண்டுவந்தார்கள். 2017-இல் கடன்பட்டு அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து 5,000 கறவைப் பசுக்களை இறக்கி விவசாயிகளுக்கு விற்றார்கள். பல மாடுகள் நோயுற்றன, பல இறந்தன, சொன்ன அளவு பால் கிடைக்கவில்லை என்று வாங்கியோர் முறையிட்டனர். 2019-இல் அம்முறையீடு அவுஸ்திரேலியச் செய்தித் தாபனங்கள் வரை எட்டியது. குளிர்நாட்டுப் பசுவுக்கு நம் வெயிலும் தெரியாது. நம் உண்ணியும் தெரியாது. நல்ல மாடு வாங்கப்படுவதன்று, வளர்க்கப்படுவது. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, ஏட்டில் எழுதி, இவ்வூர்க் காற்றிலும் இவ்வூர்ப் புல்லிலும் வளர்ப்பதே நல்ல மாடு.

டென்மார்க்கில் நடந்தது

இவ்வாறு செய்தவர்கள் உலகில் உண்டா? உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கத் தானியம் மலிவாக ஐரோப்பாவுக்குள் வந்தது. தானியம் விளைவித்த டென்மார்க் விவசாயியின் வாழ்வு ஆட்டங்கண்டது. அவன் வயலை விற்றுவிட்டு நகரத்துக்கு ஓடவில்லை. பாலுக்கும் வெண்ணெய்க்கும் திரும்பினான். 1882-இல் யெடிங் என்னும் சிற்றூரில் அந்நாட்டின் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணையை நிறுவினார்கள். ஒரு மாடு உடையவனுக்கும் நூறு மாடு உடையவனுக்கும் வாக்கு ஒன்றே என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. ஆளை எண்ணி வாக்களித்தார்களேயன்றி, மாட்டை எண்ணி அன்று.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1895-இல், வையன் என்னும் ஊரில் மற்றொரு புதுமை நிகழ்ந்தது. விவசாயிகள் சேர்ந்து, பசுச் சோதனைச் சங்கம் ஒன்றை அமைத்தனர்; உலகில் அதுவே முதலாவது. அவர்கள் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவன் முறைவைத்து ஒவ்வொரு தொழுவத்துக்கும் சென்று, ஒவ்வொரு பசுவின் பாலையும் நிறுத்து, கொழுப்பைச் சோதித்து, தின்ற தீனியையும் குறித்து வைத்தான். ஆண்டு முடிவில் ஏட்டைப் புரட்டினால், எந்தப் பசு வீட்டைக் காப்பாற்றுகின்றது, எந்தப் பசுவை வீடு காப்பாற்றுகின்றது என்பது வெளிச்சமாயிற்று.

நம் அனுபவத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒரு பசு கன்றீன்றதும் நாளுக்கு 8 லீற்றர் கறக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஊரெல்லாம் அதன் புகழ். ஐந்தாம் மாதம் வற்றிவிடுகின்றது. மற்றொரு பசு 5 லீற்றர்தான். ஆனால் பத்து மாதம் தளராமல் கறக்கின்றது. முன்னது 150 நாளும் குறையாமற் கறந்தாலும் 1,200 லீற்றருக்கு மேற் போகாது. பின்னது 300 நாளில் 1,500 லீற்றர். நாமோ முதற்பசுவின் கன்றை விதைக்கு வைத்து, இரண்டாம் பசுவின் கன்றை விற்றுவிடுகின்றோம்! கண் ஏமாறும், நினைவு ஏமாறும், ஏடு ஏமாறாது.

பின்னர் 1936-இல், அதே நாட்டின் சம்சோ தீவில், செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கென்றே விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதுவரை நல்ல பொலிகாளை செல்வனின் சொத்து. இரண்டு பசு உடைய ஏழை அதைக் கனவிலும் வாங்க இயலாது. சங்கம் அமைந்ததும் செல்வன் பசுவுக்கும் ஏழை பசுவுக்கும் தந்தை ஒன்றாயிற்று. இதைக் காட்டிலும் அமைதியான சமதர்மப் புரட்சி எங்கேனும் நடந்திருக்கின்றதா?

கெயிரா மாவட்டத்தின் போராட்டம்

டென்மார்க் வெகுதூரம் என்பீர்களாயின், குசராத்தின் கெயிரா மாவட்டத்தைப் பாருங்கள். 1945-இல் பம்பாய் நகருக்குப் பால் அனுப்பும் திட்டம் தொடங்கியது. அதனால் வந்த இலாபம் ஒரு தனியார் நிறுவனத்துக்கும் இடைத்தரகருக்கும் சென்றதேயன்றி, மாடு வளர்த்தவனுக்குச் செல்லவில்லை. சர்தார் பட்டேலிடம் முறையிட்டனர். தரகனிடம் விலையை உயர்த்திக் கேளாமல், நீங்களே சங்கம் அமைத்து நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் காட்டிய வழி. 1946 சனவரி 4-இல், மொரார்ஜி தேசாய் முன்னிலையில், சமர்க்கா கிராமத்தில் கூட்டம் கூடியது. ஊருக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம் என்று தீர்மானித்தனர். அரசாங்கம் இணங்கவில்லை. பதினைந்து நாள் ஒரு துளிப் பாலும் தரகர் கைக்குச் செல்லவில்லை. அரசாங்கம் இணங்கியது. 1946 டிசம்பர் 14-இல் ஒன்றியம் பதிவாயிற்று. தொடக்கத்தில் இரண்டே சங்கங்கள். நாளுக்கு 250 லீற்றருக்கும் குறைந்த பால். அமுல் என்று இன்று உலகமறிந்த பெயர் அந்த விதையிலிருந்து முளைத்ததே.

ஊர் ஊராக நடந்து அச்சங்கங்களைக் கட்டியவர் திரிபுவனதாசு பட்டேல். 1949-இல் ஆனந்து நகருக்கு அரச உத்தியோகத்தராக வந்து, பின் விவசாயிகளின் ஊழியராகவே வாழ்ந்தவர் வர்க்கீசு குரியன். அவர் சென்னையில் லயோலாக் கல்லூரியிலும் கிண்டியிலும் கற்ற பொறியியலாளர். இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள், வைத்தியர்கள், கணக்காளர்கள், சட்டத்தரணிகள் ஆகியோருக்கு ஒரு வார்த்தை: படித்தவன் விவசாயிக்கு உபகாரம் செய்ய வருவது வேறு, விவசாயியின் சங்கத்துக்குக் கணக்குச் சொல்லும் ஊழியனாக வருவது வேறு. குரியன் செய்தது பின்னது. நம்மிடமிருந்தும் இவ்வூர் எதிர்பார்ப்பது அதுவே.

நமக்கும் கூட்டுறவு புதிதன்று. இலங்கையில் முதற் கூட்டுறவுக் கட்டளைச் சட்டம் 1911-இல் வந்தது. யாழ்ப்பாணத்து மூளாயில் மக்கள் 1930-களிலேயே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை நடத்தினர். போர் சிதைத்த அதே மண்ணில் கால்நடை வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் யாழ்கோ என்ற பெயரிற் பாலைச் சேகரித்துப் பதப்படுத்தி விற்கின்றது. ஏன், கரைவலையைக் காட்டிலும் வேறு உதாரணம் உடப்புக்கு வேண்டுமா? இரு கயிற்றிலும் ஆட்கள் நின்று, அம்பா பாடி, ஒரே தாளத்தில் இழுத்தாற்றான் மடி கரையேறும். ஒருவன் மட்டும் இழுத்தால் வலை கோணும். வலையின் மடிக்கு உதவிய ஒற்றுமை, மாட்டின் மடிக்கு உதவாதா?

சங்கம் செய்ய வேண்டியன

சங்கம் என்றால் ஆண்டுக்கொரு பொதுக்கூட்டமும் படப்பிடிப்பும் அல்ல. அதன் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்கின்றேன்.

முதலாவது, பதிவேடு. ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் இலக்கம். தாய் எது, தந்தை எது, கன்றீன்ற நாள் எது என்ற குறிப்பு. மாதத்தில் ஒரு நாள் காலையும் மாலையும் கறந்த பாலின் அளவு. 1958-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்க மிருகங்கள் சட்டம் குறிசுடுதலையும் மாடு கொண்டுசெல்லும் அனுமதியையும் பற்றிப் பேசுகின்றது. களவு போன மாட்டுக்காக நீதிமன்றத்தில் நிற்கும்போது ஒழுங்கான ஏடு எவ்வளவு பெறுமதி என்பதை நான் கண்டிருக்கின்றேன்.

இரண்டாவது, சினைப்படுத்தல். தோட்டத்தில் அவிழ்த்துவிட்ட பட்டியில் ஒரே காளை தன் மகளையும், மகளின் மகளையும் சினைப்படுத்துகின்றது. இனம் தேய்கின்றது. பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வேட்கைக்கு வருகின்றது. அந்த வேட்கை ஒரு நாட்கூட நீடிப்பதில்லை. காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்த வேண்டும். ஒருமுறை தவறினால் மூன்று வாரத் தீனி வீண். கால்நடை வைத்தியரைத் தனியொருவன் அழைப்பதற்கும், சங்கம் அழைப்பதற்கும் வேறுபாடு உண்டு. எந்த இனம் என்பதையும் சங்கமே ஆராய வேண்டும். நம் வெப்பத்துக்கும் தீனிக்கும் ஜேர்சிக் கலப்போ சாகிவால் கலப்போ தாங்கும். கையிலே தீனியில்லாதவன் கனத்த பசுவை விரும்புவது கடனை விரும்புவதாகும்.

மூன்றாவது, கன்று. பிறந்த சில மணி நேரத்துக்குள் கடும்புப்பால் வயிறு நிறையக் கொடுக்கப்பட வேண்டும். அதைக் கறந்து பலகாரம் செய்பவன் நாளைய பசுவைத் தின்கின்றான்.

நான்காவது, நோய்த்தடுப்பு. 2020-இல் வடக்கிற் கண்ட தோல் கழலை நோய் 2023-இல் நமது வடமேல் மாகாணத்து மாடுகளிடையே பரவியது. மாடு கொண்டுசெல்வதை நிறுத்தினார்கள். இறாற் குளத்தின் பாடம் இங்கும் பொருந்தும்: அயலவன் மாட்டுக்கு ஊசி போடாதவரை உன் மாட்டுக்குக் காப்பில்லை.

ஐந்தாவது, கட்டாக்காலி. 1876-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிறர் நிலத்தில் மாடு புகுந்து செய்த அழிவுக்கு நட்டஈடு கேட்க வழிசெய்கின்றது. தோட்டக்காரனும் மாட்டுக்காரனும் நீதிமன்றத்தில் செலவிடும் பணத்தில் வேலி அடைத்துவிடலாம். சங்கம் தோட்டக்காரனோடு பேசி, மேய்ச்சலுக்கு எருவை ஈடாக்கி எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்யட்டும்.

ஆறாவது, அளவும் விலையும். போத்தலை எடுத்துவரும் தரகன் அளக்கின்றான். தண்ணீர் கலந்திருக்கின்றது என்று அவனே தீர்ப்பளிக்கின்றான். விலையையும் அவனே சொல்கின்றான். வழக்குத் தொடுப்பவனும் சாட்சியும் நீதவானும் ஒருவனேயானால் நீதி எங்கே இருக்கும்? 1890-இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பாப்கொக் என்னும் அறிஞர் பாலின் கொழுப்பை எளிதில் அறியும் சோதனையைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை, உலகுக்கே விட்டுக்கொடுத்தார். தண்ணீர் கலந்தவன் அகப்பட்டான், கலக்காதவன் காப்பாற்றப்பட்டான். அத்தகைய சோதனை சங்கத்தின் மேசையில், எல்லோர் கண்ணெதிரிலும் நடைபெற வேண்டும்.

ஏழாவது, தாய்மார்கள். அதிகாலையில் எழுந்து கறப்பவள் பெண். புல் அறுப்பவள் பெண். பசுவின் முகம் வாடினால் முதலில் அறிபவள் பெண். அங்கத்தவர் பெயர் மட்டும் ஆணுடையதா? மாட்டைப் பார்ப்பவர் பெயரிலேயே அங்கத்துவமும், பாற்காசும், வாக்கும் இருத்தல் வேண்டும். இதை முதல் விதிகளுள் எழுதுங்கள்.

மொழியும் அயலவரும்

நமது பதிவேடு தமிழில் இருக்க வேண்டும். 1987-இல் வந்த 13-ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் பொதுமகன் ஒருவன் தமிழில் அதிகாரியோடு கருமமாற்றவும், தமிழிற் பதில் பெறவும் உரிமையுடையவன் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை. வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழும் நமக்கு அந்த உறுப்புரை ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வருகின்றது. தடுப்பூசி அறிவித்தலைப் படிக்க முடியாதவனின் மாடு செத்தால் அதற்கு யார் பொறுப்பு? உரிமை கேளாமற் கிடைப்பதில்லை. தனியொருவன் கடிதம் குப்பைக்குப் போகும். நூறு குடும்பத்தின் சங்கம் எழுதினால் பதில் எழுத வேண்டி வரும்.

அதே வேளையில் மற்றொன்றையும் அழுத்திச் சொல்கின்றேன். நம்மைச் சூழ முஸ்லிம் சகோதரர்களும் சிங்களச் சகோதரர்களும் மாடு வளர்க்கின்றனர். பாலைக் குளிரூட்டும் தாங்கிக்கு நாளாந்தம் போதிய பால் வேண்டும். ஓர் ஊர்ப் பால் அதற்குப் போதாது. நல்ல இனத்தைத் தெரிந்தெடுக்கவும் பல ஊர் மாடுகளின் ஏடு வேண்டும். ஆகவே கதவை அடைக்காதீர்கள். தமிழனுக்குத் தமிழிலும் சிங்களவனுக்குச் சிங்களத்திலும் கணக்குக் காட்டும் சங்கம் ஒன்றை நாம் நடத்திக் காட்டுவோமானால், இந்நாட்டு அரசாங்கம் 1956 முதல் கற்க மறுத்த பாடத்தை ஒரு பாற்சங்கம் கற்பித்ததாகும்.

எங்களையும் விலக்கி வையுங்கள்

இறுதியாக, கசப்பான ஓர் உண்மை. கூட்டுறவுக்கு இந்நாட்டில் நேர்ந்த பெருந்தீங்கு தனியார் முதலாளியால் மட்டும் வந்ததன்று, அரசியல்வாதியாலும் வந்தது. 1970-இன் பின் நடந்த சீரமைப்பில் சிறு சங்கங்கள் பெருஞ்சங்கங்களுள் கரைக்கப்பட்டன. பணிப்பாளர்களுள் பெரும்பான்மையோரை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரிடம் சென்றது. அங்கத்தவனின் சங்கம் கட்சிக்காரனின் கடையாயிற்று. ஆட்சி மாற மாறத் தலைவர்கள் மாறினார்கள். கணக்கு மட்டும் மாறாமற் குழம்பியே கிடந்தது.

நான் ஒரு கட்சியின் ஊழியன், அதை மறைக்கவில்லை. ஆயினும் சட்டம் கற்றவன் என்ற முறையில், உங்கள் சங்க விதிகளுள் ஒன்றை நானே எழுதித் தர விரும்புகின்றேன்: எந்த அரசியற் கட்சியிலும் பதவி வகிப்பவர் இச்சங்கத்திற் பதவி வகிக்கலாகாது. இவ்விதியால் முதலில் விலக்கப்படுபவன் நானாக இருக்கட்டும். விதிகளை எழுத வேண்டுமா, பதிவு மனுத் தயாரிக்க வேண்டுமா, அதிகாரிக்குக் கடிதம் வரைய வேண்டுமா, கூப்பிடுங்கள், வருகின்றேன். மேடையில் நாற்காலி வேண்டாம்; பணப்பெட்டியின் திறப்பும் வேண்டாம். எங்கள் கட்சிக்காரர் சிலர் இதைக் கேட்டு முகஞ்சுளிக்கலாம். மக்கள் தம் காலில் நிற்பதை விரும்பாத கட்சி, மக்களின் விடுதலையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உடையது?

பெரியோர்களே, பெருந்தீர்மானங்கள் எவற்றையும் இன்று நிறைவேற்ற வேண்டாம். வீட்டுக்குப் போங்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் உங்கள் பசுவின் பெயரை எழுதுங்கள். நாளைக் காலை கறந்த பாலை அளந்து அதன் எதிரே குறியுங்கள். எழுதத் தெரியாதவர்க்குப் பிள்ளை எழுதட்டும். ஒரு மாதம் கழித்து அந்தக் கொப்பிகளோடு இதே இடத்திற் கூடுவோம். கொப்பியோடு வருகின்றவர்களே சங்கத்தின் முதல் அங்கத்தவர்கள். பத்துப் பேர் வந்தாலும் போதும். கெயிராவில் இரண்டு சங்கங்களே தொடங்கின.

பால் நம்முடையது. அதை அளக்கும் கையும் நமதாகட்டும்.